உட்ஹெட் மலையடியில் புதைந்த கணக்கு

இங்கிலாந்தில் மான்செஸ்டர், ஷெஃபீல்டு என்னும் இரு தொழில் நகரங்களுக்கு நடுவே பென்னைன் மலைத்தொடர் குறுக்கிட்டு நிற்கிறது. விக்டோரியா அரசியார் அரியணை ஏறியதற்கு மறு ஆண்டாகிய 1838-இல் அம்மலையைக் குடையத் தொடங்கி, 1845 டிசம்பரில் புகைவண்டி ஓட விட்டனர். ஏறத்தாழ 3 மைல் நீளமுள்ள அந்த உட்ஹெட் சுரங்கப்பாதையின் வாயில் இன்று அடைபட்டுக் கிடக்கிறது.

பணியைத் தொடங்கிய பொறியாளர் சார்லஸ் விக்னோல்ஸ். நிறைவேற்றியவர் ஜோசப் லாக். இவ்விரு பெயர்களையும் நூல்கள் தவறாது குறிக்கின்றன. குடைந்தவர்களோ எண்ணிக்கையாக மட்டுமே எஞ்சியுள்ளனர். பணி உச்சத்தில் இருந்தபோது சுமார் 1,500 பேர். மரமற்ற மேட்டு நிலத்தில் தாங்களே அடுக்கிய கற்குடிசைகளில் அவர்கள் குடும்பத்தோடு ஒண்டிக் கிடந்தனர். கூலி ஒன்பது வாரங்களுக்கு ஒருமுறைதான். அதுவரை உண்பதற்குக் கடனாகப் பொருள் தரும் கடைக்கே போயாக வேண்டும். கூலி கைக்கு வருமுன்னரே அதில் பெரும்பகுதி கடைக்குச் சொந்தமாகிவிடும். இதைத் தந்திரம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஈரம் கசியும் பாறையில் துளையிட்டு, வெடிமருந்தைத் திணித்துத் தகர்ப்பதே அன்றாட வேலை. பணியிட மருத்துவர் தந்த கணக்கின்படி மாண்டவர் 32 பேர். பெருங்காயம் அடைந்தோர் 140 பேர். 1846-இல் எட்வின் சாட்விக் என்னும் சமூகச் சீர்திருத்தவாதி இக்கணக்கை ஆராய்ந்தார். வாட்டர்லூப் போரில் வீரர்கள் மாண்ட விகிதத்தைவிட இங்கே தொழிலாளர் மாண்ட விகிதமே மிகுதி என்று காட்டினார்.

அதே ஆண்டில் நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரணை நடத்தியது. வெடிவிபத்தைக் குறைக்கும் பாதுகாப்புத் திரியை வில்லியம் பிக்ஃபோர்டு 1831-லேயே கண்டுபிடித்திருந்தார். அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று துணைப் பொறியாளர் வெலிங்டன் பர்டனைக் கேட்டனர். அதனால் காலம் வீணாகும், காக்கப்படும் உயிர்களுக்காக அவ்விழப்பைத் தாம் பரிந்துரைக்க மாட்டார் என்பதே அவர் விடையின் சாரம். நாம் இதைப் பலமுறை படித்தோம். கொடியவர் ஒருவரின் பேச்சாக அது ஒலிக்கவில்லை. வரவு செலவு பார்க்கும் பொறுப்பான அலுவலரின் பேச்சாகவே ஒலிக்கிறது. நம்மை நடுங்க வைப்பதும் அதுவே.

விபத்துக்கு முதலாளியே பொறுப்பேற்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. அவ்வறிக்கை அப்படியே உறங்கிற்று. தொழிலாளருக்கு ஓரளவேனும் இழப்பீட்டு உரிமை தந்த சட்டம் வர 1880 ஆயிற்று. இதற்கிடையே உட்ஹெட்டில் பக்கத்திலேயே இரண்டாம் குகை தோண்டப்பட்டது. 1849-இல் அங்குப் பரவிய வாந்திபேதி 28 பேரை வாரிக்கொண்டு போயிற்று. மலைச்சரிவில் உள்ள சிற்றாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுள் சிலர் உறங்குகின்றனர்.

1954-இல் மின்வண்டிகளுக்கெனப் புதிதாக மூன்றாம் குகை திறக்கப்பட்டதும் பழைய இரண்டும் கைவிடப்பட்டன. புதியதிலும் 1981-இல் வண்டி நின்றது. பழைய குகைகளின் வழியே சென்ற மின்வடங்களும் பின்னாளில் புதியதற்கு மாற்றப்பட்டுவிட்டன. தண்டவாளம் பெயர்க்கப்பட்ட பாதையில் இப்போது மக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் வருகின்றனர். பூட்டிய வாயில் வரை வந்து, உள்ளே எட்டிப் பார்க்க வழியின்றித் திரும்பிச் செல்கின்றனர்.