மங்கிய மீன்

சென்ற புரட்டாசி மாதத்து அமாவாசை இரவில், விடுதி மாணவர் சிலரோடு யாம் மேல்மாடியில் நின்று வானத்தை நோக்கினோம். மேனாட்டார் அன்னமென வகுத்த நக்ஷத்திரத் தொகுதி வடதிசையில் உயர்ந்து விளங்கிற்று. அதன் சிறகருகே, உற்று நோக்கினாலன்றிப் புலப்படாத மீனொன்றைச் சுட்டிக் காட்டினோம். அதன் பெயர் 61 சிக்னி. "இதைக் காணவா எங்களை அழைத்தீர்கள், ஐயா?" என்றான் ஒருவன்.

வெறுங்கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் அம்மீன், சிறு தூரதரிசினியில் இரண்டாய்ப் பிரியும். நம் சூரியனிலும் சிறிய செம்மஞ்சள் சூரியர் இருவர், ஒருவரையொருவர் ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 7 நூற்றாண்டுகள் ஆகின்றன.

நக்ஷத்திரங்களின் தூரத்தை அளக்க வானசாஸ்திரிகள் நெடுங்காலம் முயன்று தோற்றனர். ஒளி மிக்கதே அண்மையிலுள்ளது என்பது பலர் கொள்கை. ஆயின் இம்மங்கிய மீன் ஏனையவற்றினும் விரைந்து இடம்பெயர்வதை இத்தாலியரான பியாஸி முன்னரே கண்டிருந்தார். விரைந்து நகர்வது அருகிலிருத்தல் கூடும் என்றெண்ணி, அதனையே தேர்ந்தார் கோனிக்ஸ்பர்க் நகரத்துப் பெஸ்ஸல். அவர் 14 வயதில் பள்ளியை விட்டு வணிகர் நிலையத்திற் பயிலச் சென்றவர்.

வழிநடப்போனுக்கு அருகிலுள்ள மரம் தொலைமலையின் முன் இடம்மாறித் தோன்றுமன்றோ? அவ்வாறே பூமி சூரியனைச் சுற்றுகையில் அம்மீன் சிறிது அசைந்து தோன்றிற்று. 6 மைலுக்கப்பால் நீட்டிய ஒரு விரலின் அகலமே அவர் கண்ட கோணம்! 1838-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். அதன் ஒளி நம்மை அடைய 11 ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகின்றதென்பது இக்காலக் கணக்கு.

அன்றிரவு எமக்கு வேறொரு நினைவு வந்தது. 11 ஆண்டுகளுக்கு முன், எம் வகுப்பின் கடைசி வரிசையில் வாய்திறவாத மாணவன் ஒருவன் இருந்தான். அவனை மந்தனென்றே மதித்தோம். இடையிற் படிப்பை விட்டு நீங்கினான். அவன் விட்டுச்சென்ற பயிற்சி ஏட்டைப் பின்னொருநாள் புரட்டினோம். ஒரு வாரம் செய்த பிழை மறுவாரம் இல்லை. பக்கந்தோறும் அவன் முன்னேறியிருந்தான். பக்கந்தோறும் யாம் "போதாது" என்றே எழுதியிருந்தோம். ஒளியை நோக்கினோமேயன்றி நகர்ச்சியை நோக்கினோமில்லை.

அவன் சென்ற நாளிற் புறப்பட்ட ஒளியே இன்று எம் கண்ணை அடைகின்றது. அவன் இப்போது எங்குள்ளான் என்பதை அறியோம். வினவிய மாணவனுக்கு இவற்றைக் கூறினோம். அவன் மீண்டும் அம்மீனைத் தேடி, நெடுநேரம் நோக்கி நின்றான்.