பனைமரத்துக்கு மேல ஒரு பூ!

தீபாவளிக்கு கோவில்பட்டிக்கார நண்பன் வீட்டுக்குக் கூப்பிட்டா, யோசிக்காம பஸ் ஏறிடுங்க. கடலை மிட்டாய்க்காக மட்டும் இல்லை பாஸ் (2020-ல் புவிசார் குறியீடு வாங்கின அயிட்டம் அது!). வாணவேடிக்கையை போட்டோ எடுக்க இதைவிடத் தோதான ஊர் கிடைக்கிறது கஷ்டம்.

காரணம், கரிசல். சென்னையில அண்ணாந்து பார்த்தா அபார்ட்மென்ட், விளம்பரப் பலகை, கேபிள் ஒயர். இங்கே ஊரைத் தாண்டிட்டா, தரையும் வானமும் ஒட்டுற கோடு வரைக்கும் மறைப்பே கிடையாது. நடுவுல நாலு பனைமரம். அந்தப் பனையை மட்டும் ஃப்ரேம்ல விட்டுடாதீங்க. வெறும் வானத்துல விரியற பூ எந்த ஊர்ல எடுத்தாலும் ஒண்ணுதான். கீழே கன்னங்கரேல்னு ஒரு பனை நின்னாதான் அது கரிசக்காட்டு போட்டோ!

2018-ல் உச்ச நீதிமன்றம் தீபாவளி வெடிக்கு ரெண்டு மணி நேரம்னு எல்லை போட்டதிலிருந்து, தமிழ்நாட்டுல அரசு ஒதுக்கினது காலை 6-7, ராத்திரி 7-8. ஆக, இருட்டுல உங்களுக்குக் கிடைக்கிறது 60 நிமிஷம். அதுலயும் முதல் பத்து நிமிஷம்தான் தங்கம். அப்புறம் புகை மண்டிடும். ஆறரைக்கே டிரைபாடை ஊன்றி, காத்து முதுகுல படுற மாதிரி நில்லுங்க. புகை உங்களை விட்டு விலகிப் போகும்.

ஐ.எஸ்.ஓ. 100, அபெர்ச்சர் எஃப் 8 அல்லது 11, ஷட்டர் 2 முதல் 4 செகண்ட். ஆட்டோ ஃபோகஸ் இருட்டுல தடவும். தூரத்துத் தெருவிளக்குல ஃபோகஸ் பண்ணிட்டு மேனுவலுக்கு மாத்திடுங்க. ராக்கெட் கிளம்பறப்பவே ஷட்டரைத் திறக்கணும். 'டமார்' கேட்டு கிளிக்கினா போச்சு! ஒரு கிலோமீட்டர் தள்ளி வெடிக்கிற சத்தம் வந்து சேர 3 செகண்ட் ஆகும். அதுக்குள்ள பூ உதிர்ந்திருக்கும். மொபைல் பார்ட்டிகளா? ஃபிளாஷும் ஸூமும் வேண்டாம். சுவத்துல சாய்ச்சு வெச்சு, 'ப்ரோ' மோட்ல இதே மாதிரி ஷட்டரை நீட்டிப் பாருங்க.

ஆனா, வானத்தை மட்டும் எடுத்தா அது பாதி ஆல்பம்தான். இந்தப் பக்கம் தீப்பெட்டியும் பட்டாசும் வேர் பிடிச்சதே வானம் பொய்த்ததாலதான். மழையை நம்பின விவசாயம், மிச்ச மாசத்துல வேலை இல்லாத கைகள், மருந்து காய ஏத்த வறண்ட வெயில். 1920-களில் சிவகாசியில தொடங்கின தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டின்னு பரவினது இப்படித்தான். அதுக்கு இந்த ஜனங்க கொடுத்த விலையும் பெரிசு. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்துல மட்டும் 30 பேருக்கு மேல இறந்தாங்க.

அதனால, எட்டு மணிக்கு கேமராவை மூடிடாதீங்க. நண்பன் தெருவுலயே தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ போற அக்கா ஒருத்தர் இருப்பாங்க. கேட்டுட்டு, அவங்க வாசல் விளக்கு வெளிச்சத்துலயே ஒரு போர்ட்ரெய்ட் எடுங்க. ஐ.எஸ்.ஓ.-வை 800-க்கு ஏத்தி, ஷட்டரைக் குறைச்சுக்குங்க. 'ஸ்மைல் ப்ளீஸ்' எல்லாம் வேண்டாம். அந்தக் கைகளும் ஃப்ரேமுக்குள்ள வரட்டும். ஊருக்குத் திரும்பினதும் ஒரு பிரின்ட் போட்டு நண்பன்கிட்ட கொடுத்தனுப்புங்க.

ஆங், மறந்துட்டேனே! முந்தின நாள் மழை பெய்திருந்தா காட்டுக்குள்ள இறங்காதீங்க. ஐப்பசி மாசம், விதைச்ச நிலமா இருக்கும். போதாக்குறைக்கு, கரிசல் சேறு செருப்பைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு காலை மட்டும்தான் திருப்பிக் கொடுக்கும்!