நிழலின் அருமை

"நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. தமிழ்த் தேர்வில் இப்பழமொழியை விளக்கி எழுதி நாங்கள் முழு மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆனால் அதன் பொருளை உண்மையாகவே உணர்ந்தது சென்ற கோடை விடுமுறையில்தான். அதுவும் பாளையங்கோட்டையில், பெருமாள்புரத்து ஆச்சி வீட்டு முற்றத்தில்.

நாங்கள் அக்காள் தங்கை இருவர். ஊர் வள்ளியூர். குகைக்கோயிலில் குடிகொண்ட முருகனாலும், ஓயாத காற்றாலும் பேர்பெற்ற ஊர் நம் ஊர். ஒவ்வொரு கோடையிலும் நாங்குநேரி வழியாகப் பேருந்தில் ஆச்சி வீட்டிற்குப் போவோம். வழியெல்லாம் பனையும் உடைமரமுமாக வெயில் கண்ணைக் கூசச் செய்யும். வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் இறங்கிப் பெருமாள்புரத்துத் தெருக்களுக்குள் நுழைந்ததும் உலகமே மாறிவிடும். வேம்பும் புங்கும் தூங்குமூஞ்சி மரமும் இருபுறமும் குடைபிடித்து நிற்கும். "வெயில்ல வந்தியளா பிள்ளைகளா?" என்று ஆச்சி மோர்ச் செம்புடன் வாசலுக்கு வருவார்கள்.

அவ்வீட்டு முற்றத்திலும் ஒரு வேம்பு இருந்தது. தாத்தா வீடு கட்டிய ஆண்டிலேயே நட்டது. அது சொரியும் சருகையும் பூவையும் காலையும் மாலையும் பெருக்கும் வேலை விடுமுறையில் எங்களுடையது. போதாக்குறைக்குக் காக்கைகளின் எச்சம் வேறு! நாங்கள் எட்டாம் வகுப்பு முடித்திருந்த கோடையில் மாமா கார் வாங்கினார். அதை நிறுத்த இடம் வேண்டும். மரத்தை எடுத்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஆச்சி எங்களைப் பார்த்து, "பெருக்குகிறவர்கள் நீங்கள்தானே, நீங்களே சொல்லுங்கள்" என்றார்கள். நாங்கள் இருவரும் ஒரே குரலில், "வெட்டிவிடுங்கள் மாமா!" என்றோம்.

காலையில் ஆட்கள் வந்தார்கள். நண்பகலுக்குள் முற்றம் வெட்டவெளி ஆயிற்று. ஆச்சி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உள்ளே போய்ச் செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

சென்ற கோடையில் அதன் பலனை அனுபவித்தோம். முற்றத்துச் சிமெண்டுத் தரை பதினொரு மணிக்கே காலைச் சுட்டது. முன்பெல்லாம் திண்ணையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கதை சொல்லும் ஆச்சி, இப்போது வீட்டுக்குள் மின்விசிறியின் கீழ் முடங்கிக் கிடந்தார்கள். தெருவிலும் சில வீடுகளில் எங்களைப்போல் மரத்தை இழந்து வெயிலில் நின்றார்கள். எங்களுக்கு ஆச்சியின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஒரு நாள் இரவு, "எங்களை மன்னித்துவிடுங்கள் ஆச்சி" என்றோம். ஆச்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். "மன்னிப்பு இருக்கட்டும், நாளை என்னோடு வாருங்கள்" என்றார்கள்.

மறுநாள் ஓர் ஆட்டோவில் பாளையங்கோட்டையைச் சுற்றினோம். 1801-இல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிச் சென்ற கோட்டையில் இன்று எஞ்சி நிற்கும் பகுதியைக் காட்டினார்கள். குளோரிந்தா என்னும் கைம்பெண் 1785-இல் எழுப்பிய சிற்றாலயத்தைக் காட்டினார்கள். பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊரார் அழைப்பது அதைத்தான். 1826-இல் எழுந்த ஊசிக்கோபுர ஆலயத்தையும், தசரா நாட்களில் அம்மன் சப்பரங்கள் அணிவகுக்கும் தெருக்களையும் கண்டோம்.

பிறகு சாராள் தக்கர் கல்லூரி வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார்கள். "இந்தப் பெயருக்குரிய அம்மையார் இங்கிலாந்தில் நோயாளியாக வாழ்ந்தவர். இந்த ஊரைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆனாலும் இங்குள்ள பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று கவலைப்பட்டார். அவர் மறைந்தபின் அவர் நினைவாகத் தொடங்கிய பெண்கல்விப் பணிதான் 1895-இல் கல்லூரியாக வளர்ந்தது" என்றார்கள். பார்வையற்றோருக்கும் செவித்திறன் அற்றோருக்கும் இவ்வூரில் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பள்ளிகள் தோன்றியதையும், 1923-இல் தூய சவேரியார் கல்லூரி பிறந்ததையும் கூறினார்கள். தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்ற பெயர் சும்மா வரவில்லை என்று அப்போது தெரிந்தது.

கடைசியாகத் தாமிரபரணிப் பாலத்தருகே நின்றோம். நெல்லைக்கும் பாளைக்கும் இடையே மக்கள் படகை நம்பியிருந்த காலத்தில், சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டிய பாலம் அது, 1843-இல் திறக்கப்பட்டது. பேருந்துகளும் மிதிவண்டிகளும் அதன்மேல் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன.

ஆச்சி சொன்னார்கள்: "இவர்களில் யாரும் தனக்கென்று செய்யவில்லை. என் சபையா, உன் சபையா, என் சாதியா, உன் சாதியா என்று பார்த்தா இந்தப் பாலத்தில் ஆட்களை விடுகிறார்கள்? இந்த ஊரின் நிழல் மரத்தால் மட்டும் வந்ததில்லை, மக்களே. பின்னால் வருகிறவர்களை நினைத்தவர்களால் வந்தது. உங்கள் தாத்தாவும் அந்த வேம்பைத் தமக்காக நடவில்லை. அது நிழல் தரத் தொடங்கியபோது அவருக்குத் தலை நரைத்துவிட்டது."

எங்களுக்குத் தொண்டை அடைத்தது. அவர் நட்டது எங்களுக்காக. சருகு பெருக்கச் சோம்பி அதை வெட்டச் சொன்னதும் நாங்களே!

வள்ளியூருக்குத் திரும்புவதற்கு முன் மாமா கேட்டோரம் சிமெண்டுத் தரையை ஒரு சதுரம் உடைத்துக் கொடுத்தார். அதில் ஒரு வேப்பங்கன்றை நட்டோம். ஆச்சி நாள்தோறும் பாத்திரம் கழுவிய நீரை அதற்கு ஊற்றுகிறார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் போய்ப் பார்த்தோம், முழங்காலைத் தாண்டியிருந்தது. அதன் நிழலில் அமர்ந்து ஆச்சி கீரை ஆயப் போவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அந்த வருத்தம் எங்களை விட்டுப் போகாது, போகவும் வேண்டாம்.

அன்புத் தோழியரே! நம் பள்ளி முற்றத்து மரத்தடியில் நாம் நாள்தோறும் மதிய உணவு உண்கிறோம். அதை நட்ட கை எது என்று எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கைக்கு நன்றி சொல்லும் வழி ஒன்றே. இவ்வாண்டு தேர்வு முடிந்து பிரியும் முன், பத்தாம் வகுப்பினராகிய நாங்கள் இம்முற்றத்தில் ஒரு கன்றேனும் நட்டுச் செல்ல விரும்புகிறோம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை இளைய தங்கையர் ஏற்றுக்கொள்வீர்களாக. சருகு விழும்போது முகம் சுளிக்காமல் பெருக்குங்கள்!