பட்டிக்கு ஒரு நாய்

எங்க மணி போன வருசம் புரட்டாசியில் செத்துப்போனான். பன்னிரண்டு வயசு. நாட்டு நாய்க்கு அது நிறைஞ்ச ஆயுசு தான். அதுக்கப்புறம் மூணு மாசம் தோட்டத்தில் நாயே இல்லாமல் இருந்தோம்.

டவுனில் நாய் இல்லாத வீடு சாதாரணம். தோட்டத்துச் சாளையில் அப்படி இல்லைங்க. ராத்திரி ஒரு சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்க வேறு ஆள் கிடையாது. மணி குரைக்கிற விதத்திலேயே எனக்கு விசயம் தெரிஞ்சிரும். மயிலுக்கு ஒரு குரைப்பு, ஆளுக்கு ஒரு குரைப்பு, பாம்புன்னா எட்ட நின்னுக்கிட்டு விடாமல் ஒரு குரைப்பு. அவன் போனப்புறம் நானும் வீட்டுக்காரியும் மாறி மாறி டார்ச் லைட்டோடு திரிஞ்சோம்.

சரி, ஒரு குட்டி எடுத்துட்டு வந்தால் முடிஞ்சுதேன்னு தோணும். எங்க பக்கம் அது அவ்வளவு லேசான காரியம் இல்லை. நாங்க இருக்கிறது காங்கேயத்துக்குத் தெற்கே, செம்மறி ஆட்டுக் காடு. சுத்தியும் கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக விட்டிருப்போம். கொறங்காடுன்னு பேரு. காலையில் ஆடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திட்டு வந்துட்டால் மேய்க்க ஆள் வேண்டாம், அதுபாட்டுக்கு மேயும். தலைமுறை தலைமுறையாக இந்த நம்பிக்கையில் தான் இங்கே ஆடு வளர்த்தாங்க. இப்போ அந்த நம்பிக்கை போச்சு. நாலஞ்சு நாய் சேர்ந்து வேலியில் புகுந்தால் ஒரே ராத்திரியில் பத்து ஆடு காலி. பசிக்குத் தின்கிறதுன்னா ஒண்ணோட நிறுத்தும். இது ஓடுறதை எல்லாம் கடிச்சுப் போட்டுட்டுப் போயிரும். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்து விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராட்டம் நடத்தினதைப் பேப்பரில் பார்த்திருப்பீங்க.

அதனால இந்த ஊரில் நாய் வளர்க்கிறவனுக்கு ஒரு பொறுப்பு இருக்கு. என் நாய் என் ஆட்டைக் காத்தால் மட்டும் போதாது. பக்கத்துத் தோட்டத்து ஆடு ஓடினாலும் அது பின்னாடி ஓடக்கூடாது. ஒருதடவை ஆட்டு ரத்தம் பழகின நாயை யாரும் வீட்டில் வெச்சுக்க முடியாது. வெச்சுக்கிட்டால் ஊரில் வெச்சுக்க மாட்டாங்க.

குட்டி தேடுறோம்னு தெரிஞ்சதும் ஆளாளுக்கு ஒரு யோசனை. பையனுக்கு சிப்பிப்பாறை மேல ஆசை. செல்போனில் அது ஓடுற வீடியோவைக் காட்டிக் காட்டியே என்னைக் கரைச்சான். அழகான நாய் தான், மறுக்கலை. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்குன்னே வந்த இனம். கண்ணில் ஏதாவது ஓடுறது பட்டால் கால் தானாக எழும்பும். அது நாயோட தப்பு இல்லை, அதுக்காகவே நம்ம முன்னோர் பொறுக்கி எடுத்து வளர்த்தது. நாள் முழுக்க ஆட்டுக்குட்டி துள்ளி ஓடுற இடத்தில் அதைக் கொண்டாந்து விட்டுட்டு 'ஓடாதே'ன்னு சொல்றது நியாயமா?

கூட்டாளி ஒருத்தர் ராஜபாளையம் வாங்கச் சொன்னார். 2005-ல் தபால் தலையில் வந்த நாய், வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, பார்த்தாலே மரியாதை வரும். ஆனா பெரும்பாலும் ஒருத்தருக்குத் தான் அடங்கும். எங்க சாளைக்குப் பால்காரர், தேங்காய் போடுறவர், களை எடுக்கிற பொம்பளைங்கன்னு தினமும் பத்துப்பேர் வருவாங்க. அதுவும் போக, முழு வெள்ளைக் குட்டிகளில் சிலதுக்குக் காது கேட்காது, பார்த்து வாங்கணும். கோயமுத்தூரில் இருக்கிற சொந்தக்காரர் தன் லேப்ரடாரைச் சும்மாவே தர்றேன்னார். அபார்ட்மெண்டில் வெச்சுக்க முடியலையாம். சித்திரை வெயிலில் எங்க கட்டுத்தரையில் அது படுற பாட்டை நினைச்சுப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லிட்டேன்.

கடைசியில் குட்டி கிடைச்சது மூணு காடு தள்ளி இருக்கிற மாமா தோட்டத்தில். அவர் நாய் கார்த்திகையில் ஆறு குட்டி போட்டிருந்துச்சு. நான் போனதும் குட்டிகளைத் தூக்கித் தூக்கிப் பார்க்க ஆரம்பிச்சேன். அவர், "மாப்ள, குட்டிய அப்புறம் பாருங்க. மொதல்ல தாயப் பாருங்க"ன்னார். தாயைத் தண்ணித்துறையில் பார்த்தால் பிள்ளையை வீட்டில் பார்க்க வேண்டாம்னு பழமொழி இருக்கே, பொண்ணு பார்க்கச் சொன்னது நாய்க்கும் பொருந்தும்.

சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். தாய் பட்டிப் படலை ஒட்டிப் படுத்திருந்துச்சு. ஆடு அடையிற நேரத்தில் இளங்குட்டிகள் அதைத் தாண்டிக் குதிச்சுப் போச்சு. தலையைக் கூடத் தூக்கலை. ஒரு கிடாய் முட்ட வந்தப்போ எழுந்து நாலடி தள்ளிப் போய்ப் படுத்துக்குச்சு. அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே ஏதோ அசைஞ்சுது, அம்பு மாதிரிப் போய் நின்னு குரைச்சுது. வேலியைத் தாண்டலை. எனக்கு வேண்டியது அது தான். பாய வேண்டிய இடமும் பாயக்கூடாத இடமும் அதுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

அப்புறம் தான் குட்டி பார்த்தேன். எல்லாத்துக்கும் முன்னாடி ஓடி வந்து காலைக் கடிக்கிற குட்டியை எல்லாரும் கெட்டிக்காரன்னு எடுத்துட்டுப் போவாங்க. மூலையில் ஒடுங்கி இருக்கிறதைப் பார்த்துப் பாவப்பட்டு எடுக்கிறவங்களும் உண்டு. ரெண்டும் எனக்கு வேண்டாம். பின்னாடி நின்னு கை தட்டினேன், சொம்பைக் கீழே போட்டேன். ஒரு செவலைக் குட்டி திடுக்கிட்டுப் பின்வாங்கி, கொஞ்ச நேரத்தில் அதுவே வந்து சொம்பை மோந்து பார்த்துச்சு. பயமும் இருக்கு, பயம் தெளியவும் தெளியுது. ஈறு நல்ல ரோஸ் கலர், கண்ணில் பீளை இல்லை, வயிறு மட்டும் கொஞ்சம் உப்பல். குடல்புழு, மருந்து கொடுத்தால் சரியாயிரும்.

பொட்டைக் குட்டி. இங்கே தான் வீட்டில் தகராறு.

"பொட்டை நாயக் கொண்டாந்தா வருசத்துக்கு ரெண்டு ஈத்து, வாசல்ல ஊர்க் கடுவன் எல்லாம் வந்து நிக்கும். வேண்டாஞ்சாமி"ன்னாங்க அம்மா. அவங்க சொல்றதில் பொய் இல்லை. அதனால தான் எங்க ஊரில் கடுவன் குட்டி எல்லாம் கண் திறக்கிறதுக்குள்ளே பேச்சாயிரும். பொட்டைக் குட்டிக்கு ஆள் வராது. அதெல்லாம் என்ன ஆகுதுன்னு யாரும் பேசறது இல்லை. சாக்கில் போட்டு ரோட்டோரம், கறிக்கடைக் கழிவு கொட்டுற இடம் பார்த்து விட்டுட்டு வந்துருவாங்க. 'அங்க கெடைக்கறதத் தின்னு பொழைச்சுக்கும்'னு ஒரு ஆறுதல் வேறு. அது பிழைச்சு, எட்டு மாசத்தில் பருவத்துக்கு வந்து, அறுபத்தி மூணு நாளில் அஞ்சாறு குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் மனுசன் கைபடாமல், கோழிக்கழிவு தின்னு, கூட்டமாக வளரும். நம்ம ஆட்டைக் கடிக்கிற கூட்டம் வானத்திலிருந்து குதிச்சது இல்லை. நாம வேண்டாம்னு சொன்ன பொட்டைக் குட்டிகளோட பேரப்பிள்ளைகள் தான் அது.

இதை அம்மாகிட்ட விளக்கமாகச் சொன்னேன். கேட்டுட்டு, "அப்ப ஆபரேசன் பண்ணீரு"ன்னாங்க. அவ்வளவு தான், பேச்சு முடிஞ்சுது.

மாமா நாப்பது நாளிலேயே எடுத்துக்கச் சொன்னார். எட்டு வாரம் ஆகட்டும்னு விட்டுட்டேன். கூடப் பிறந்ததுகளோட கடிச்சு விளையாடும்போது தான், எவ்வளவு கடிச்சால் அடுத்தவனுக்கு வலிக்கும்னு குட்டி கத்துக்கும். அந்தப் பாடத்தை நாம நடத்த முடியாது. தைப்பொங்கல் கழிச்சுக் கொண்டாந்தோம். வரும்போது தாய் படுத்திருந்த சாக்கையும் வாங்கிக்கிட்டேன். முதல் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் அழுதுச்சு. சாக்கைப் போட்டு, பக்கத்தில் கயித்துக் கட்டிலைப் போட்டு நான் படுத்துக்கிட்டேன். மூணாம் நாள் அழுகை நின்னுருச்சு.

பையன் ஒரு பேர் வெச்சான், வீட்டுக்காரி ஒரு பேர் வெச்சாள். அம்மா 'ஏ குட்டி'ன்னு கூப்பிட்டுச் சோறு போட்டாங்க. சோறு போட்ட பேர் தான் நிலைச்சுது.

தடுப்பூசியில் நான் சமரசமே பண்ணலை. பார்வோ வந்தால் குட்டி ரத்த பேதியாகி ரெண்டு மூணு நாளில் போயிரும், அந்தக் கிருமி மண்ணில் மாசக்கணக்காக உயிரோட இருக்கும். எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூணு நாலு வாரம் விட்டு அடுத்தடுத்த ஊசி, மூணு மாசம் முடிஞ்சதும் வெறிநாய்க்கடி ஊசி. ஊசி எல்லாம் முடியிற வரைக்கும் தோட்டத்துக்கு வெளியே விடலை.

ஆட்டோட பழக்கினது தான் பெரிய வேலை. காலையும் சாயங்காலமும் பத்து நிமிசம் கயித்தில் பிடிச்சுப் பட்டிக்குள்ளே கூட்டிட்டுப் போவேன். முதல் வாரமே ஒரு கிழட்டுச் செம்மறி முட்டி உருட்டி விட்டுச்சு. அந்த மரியாதை இன்னைக்கும் இருக்கு. கஷ்டம் இளங்குட்டிகளோட தான். அது துள்ளும், இதுக்கு விளையாட்டுன்னு தோணும். துரத்துறது விளையாட்டில் தான் ஆரம்பிக்கும், கடியில் முடியும். அதனால அஞ்சாறு மாசம் ஆகிற வரைக்கும் என் கண் படாமல் இளங்குட்டிகளோட விட்டதே இல்லை. ஆட்டுக்குட்டியைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தால் ஒரு துண்டு வேகவெச்ச முட்டை. முட்டைக்காகவே பட்டிக்குள்ளே போனதும் என் முகத்தைப் பார்க்க ஆரம்பிச்சுருச்சு. மாடு கன்னு போட்டால் இளங்கொடியைக் கோணியில் கட்டி ஆலமரத்தில் தொங்க விடுறது எங்க வழக்கம், நாய் வாய்க்கு எட்டாது. செத்த ஆட்டையும் ஆழமாகக் குழி தோண்டித் தான் புதைக்கிறோம்.

ஆனி மாசத்தில் ஒருநாள் விடியக்காலம் பக்கத்துக் கொறங்காட்டில் கூட்டம் புகுந்து ஒன்பது ஆட்டைக் கடிச்சுப் போட்டுருச்சு. விடிஞ்சதும் கையில் குச்சியோட அஞ்சாறு பேர் வீடு வீடாக வந்தாங்க. கோபத்தில் ஆடு பறிகொடுத்தவருக்குப் பேச்சே வரலை. யார் நாயாக இருந்தாலும் வாயையும் காலையும் பார்த்தாங்க. எங்க வாசலுக்கும் வந்தாங்க. "பாருங்கண்ணா"ன்னு நானே வாயைத் திறந்து காட்டினேன். பல்லில் ரத்தம் இல்லை, காலில் ஈரம் இல்லை. அவர் தலையாட்டிட்டுப் போனார். மனசுக்குள்ளே நான் பட்டது எனக்குத் தான் தெரியும். அன்னைக்கு ஓடின நாயில் ஒண்ணு கழுத்தில் பெல்ட் இருந்ததைப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். எங்கேயோ ஒரு வீட்டில் சோறு போட்டு வளர்த்து, வண்டியில் கொண்டாந்து எறக்கி விட்டது.

ஆவணியில் கால்நடை மருத்துவமனையில் ஆபரேசன் முடிஞ்சுது. தையலை நக்காமல் இருக்கப் பழைய பெயிண்ட் வாளியில் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டி விட்டோம். பத்து நாள் அதோட அலைஞ்சு எல்லார் முழங்காலிலும் இடிச்சுது. முந்தின நாள் கூட அம்மா, "ஒரே ஒரு ஈத்து போடட்டுமே, இப்படி ஒரு குட்டி மறுபடி கெடைக்குமா"ன்னு கேட்டாங்க. எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆறு குட்டிக்கும் ஆறு வீடு முன்கூட்டியே பேசி வெச்சிருந்தால் யோசிச்சிருப்பேன். விசாரிச்சதில் நாலு பேர் கேட்டாங்க. நாலு பேரும் கடுவன் தான் கேட்டாங்க.

இப்போ ஐப்பசி, நாய்களுக்குச் சேர்க்கை பருவம். எங்க வாசலில் எந்தக் கடுவனும் வந்து நிற்கலை. மாமாவும் தன் நாய்க்கு ஆபரேசன் பண்ணிட்டார். கூடப் பிறந்த கடுவன் ரெண்டு வேற தோட்டத்துப் பட்டியில் இருக்கு, வம்சம் அந்த வழியில் போகட்டும். தோட்டம் வாங்கியிருக்கிற, வாங்கப் போகிற டவுன்காரங்க காவலுக்கு நாய் தேடினால், ரோட்டோரம் நிற்கிற ஒரு பொட்டைக் குட்டியைத் தூக்கிட்டுப் போங்க. ஊசியும் ஆபரேசனும் உங்க செலவு. எங்க ஆடு பிழைச்சுக்கும்.