காற்றை இழந்த என்ஜின்

போடிநாயக்கனூருக்கு விடியற்காலையில் வந்து இறங்குகிறவனை முதலில் எதிர்கொள்பவை, கிட்டங்கிகளிலிருந்து கசிந்து வரும் ஏலக்காயின் வாசனையும், தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுச் சாலையை நோக்கி உறுமிச் செல்லும் ஜீப்புகளின் இரைச்சலுமே. அந்த ஜீப்புகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில், விபத்தில் சட்டம் முறிந்துபோன 220 சி.சி. மோட்டார் சைக்கிளின் என்ஜினை, இரும்புக் குழாய்களைத் தாமே பற்றவைத்துச் சமைத்த சிறு காரில் ஒரு மேஸ்திரி பொருத்துகிறார் என்று நண்பர் சொல்லக் கேட்டு, சென்ற மாசியில் இரண்டு பகல் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்.

என்ஜினைச் சட்டத்தில் வைத்து முடுக்குவதே பிரதான காரியம் என்ற என் எண்ணத்தை மேஸ்திரி சிரித்துக்கொண்டே திருத்தினார். “முடுக்குறது அரை நாள் வேலை சார். பைக்குல அதுக்கு என்னென்ன சும்மா கெடச்சுதோ, அதையெல்லாம் இங்க நாமதான் குடுக்கணும்.”

சும்மா கிடைத்தவற்றுள் முதலாவது காற்று. முன் சக்கரத்தின் பின்னே திறந்த வெளியில் நின்று, ஓட்டத்தின் வேகத்தாலேயே குளிர்ந்துவந்த என்ஜின், ஆசனத்துக்குப் பின்னால் அடைபட்டதும், அதிலும் தாழ்ந்த கியரில் மெல்ல ஊர்ந்து ஏறவேண்டிய மலைச்சரிவில், தன் உஷ்ணத்தாலேயே இறுகி நின்றுவிடும். ஆகையால் பக்கவாட்டில் தகரக் குழல் அமைத்து, பழைய கார் ரேடியேட்டரின் மின்விசிறியை அதன் வாயில் பொருத்தியிருந்தார். இரண்டாவது சாய்வு. வளைவில் மோட்டார் சைக்கிள் தானும் சாய்வதால் எண்ணெய் அடித்தட்டிலேயே தங்குகிறது. சாயாத காரிலோ அது ஒரு புறமாக ஒதுங்க, பம்பு வெறுங்காற்றை உறிஞ்சுகிறது. அதற்காக எண்ணெய்த் தொட்டிக்குள் சிறு தடுப்புத் தகடுகள் வைத்திருந்தார். மூன்றாவது, ஓட்டுகிறவனின் கால். பைக்குக்கு ரிவர்ஸ் கியர் இல்லை. காலை ஊன்றிப் பின்னே தள்ளிவிடலாம். காரை அவ்வாறு தள்ள இயலாதே! பின் அச்சில் ஒரு பல்சக்கரத்தை ஏற்றி, பழைய ஸ்டார்ட்டர் மோட்டாரை அதோடு கோத்து, பாட்டரியின் பலத்தில் நாலடி பின்வாங்கும்படி செய்திருந்தார்.

செயினுக்கு மட்டும் ஒரு முழுப் பகல் கழிந்தது. என்ஜினின் ஸ்பிராக்கெட்டும் அச்சின் ஸ்பிராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று கொத்தனாரைப் போல நூல் பிடித்துப் பார்த்தார். சற்றே விலகினாலும் செயின் பல்லைத் தின்றுவிடுமாம். மாருதி 800-இன் 12 அங்குலச் சக்கரங்களைத் தேர்ந்ததிலும் ஒரு சூட்சுமம் இருந்தது: பைக்கின் 17 அங்குலச் சக்கரத்தைவிடச் சிறியதாகையால், வேகம் குறைந்தாலும் இழுவை கூடுகிறது.

1946-இல் இங்கிலாந்தில் ஜான் கூப்பர், மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கான ஜாப் என்ஜினைத் தம் சிறு காரில் வைத்தபோது, செயின் பின்சக்கரத்தை எட்டவேண்டுமென்ற சௌகரியத்துக்காகவே அதை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார். அந்தச் சௌகரியமே வளர்ந்து, 1959-இல் ஜாக் பிரபாமுக்கு உலகச் சாம்பியன் பட்டத்தை ஈட்டித் தந்து, பந்தயக் கார்களின் அமைப்பையே மாற்றிவிட்டது. இதை நான் விவரித்தபோது, மேஸ்திரி ஸ்பானரைக் கீழே வைக்காமலே, “அவருக்கும் செயின்தான் வழி காட்டுச்சா?” என்றார்.

பதிவு பெறாத வண்டி பொதுச் சாலையில் ஓடலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். ஆகவே, வேலியடைத்த ஏலத்தோட்டம் ஒன்றின் உட்பாதையில் மட்டுமே ஓடுவதற்காகப் பிறந்த அந்தக் கார், இரண்டாம் நாள் மாலை, கயிற்றால் கட்டுண்டு ஒரு மினி லாரியின் முதுகில் ஏறிற்று. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் அது சரக்காகவே கடந்தது. பின்னால் ஜீப்பில் சென்ற நான், அணைந்து குளிர்ந்திருந்த அந்த என்ஜின்மீது மலைக்காற்று வழிநெடுக விலையின்றி வீசிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே போனேன்.