பாப்பாவின் பெயர் எந்தக் கார்டில்?

ஒட்டன்சத்திரம்,
8.6.2025

அன்புள்ள மல்லிகாவுக்கு,

போனில் நான் பாதி சொல்வதற்குள் உனக்குச் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். பாப்பாவுக்கு இதயத்தில் சின்ன ஓட்டை, ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று டாக்டர் சொன்னது ஒருவகையில் நமக்கு நல்லதுதான். அதற்குள் இந்தக் காப்பீட்டுக் காகித வேலையை முடித்துவிடலாம். ஆபரேஷனுக்குத் தேதி குறித்த பிறகு கார்டுக்கு அலைகிற அம்மாக்களை எங்கள் அங்கன்வாடியிலேயே பார்க்கிறேன்.

முதலில் உன் சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று பார். பிடித்தால் நூற்றுக்கு முக்கால் ரூபாய் உன்னுடையது, மூன்றேகால் ரூபாய் கம்பெனி கட்டுவது. மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு அது உண்டு. அதில் பாப்பாவின் பெயரைச் சேர்த்துவிட்டால் அவளுக்கும் வைத்தியம் கிடைக்கும். பையன் என்றால் படித்துக்கொண்டிருந்தாலும் 21 வயது வரைதான், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும் வரை. ஆனால் நீ கான்ட்ராக்டில் சனிக்கிழமை தோறும் கையில் சம்பளம் வாங்குகிறாய். உன் பெயர் அதில் இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் கேட்டுவிடு, வெட்கப்படாதே.

இல்லாவிட்டால் முதலமைச்சர் காப்பீடுதான். அதில் பிள்ளையை மட்டும் தனியாகச் சேர்க்க முடியாது. குடும்பத்துக்குத் தகுதி இருந்தால் பிள்ளைக்கும் உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும். வருஷத்துக்கு 5 லட்சம் வரை என்கிறார்களே, அது தலைக்கு இல்லை, குடும்பத்துக்கே மொத்தம். முன்பே இருக்கிற நோய்க்குக் கிடைக்காது என்று யாரோ உன்னிடம் சொன்னார்களாம். அது தனியார் இன்சூரன்ஸ் ஏஜென்ட் பேசுகிற பேச்சு, இங்கே அப்படித் தள்ள மாட்டார்கள்.

உன் சிக்கல் ரேஷன் கார்டுதான். கார்டில் பெயர் இருந்துவிட்டால் அந்தப் பிள்ளை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், மேற்கொண்டு எந்தச் சான்றும் வேண்டாம் என்று இந்தக் காப்பீட்டுத் திட்டத்தின் விதியே சொல்கிறது. பாப்பா இன்னும் தாராபுரத்தில் உன் மாமியார் வீட்டுக் கார்டில்தானே இருக்கிறாள்? அந்த வீட்டுக்குக் காப்பீட்டு அட்டை இருந்தால், நாளைக்கே அவசரம் வந்தாலும் அவளுக்கு அது செல்லும். இருக்கிறதா என்று உன் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேள். உன்னால் முடியாது என்றால் நான் கேட்கிறேன். அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீ சொன்னது எனக்குத் தெரியும். உன் ரோஷம் உனக்கு இருக்கட்டும், அதில் பாப்பாவைச் சேர்க்காதே. புதுக் கார்டு கைக்கு வரும் முன்னே அவள் பெயரை அங்கிருந்து அவசரப்பட்டு எடுக்கச் சொல்லிவிடாதே. நடுவில் எந்தக் கார்டிலும் இல்லாமல் நிற்பாள்.

அதே சமயம் உனக்கென்று தனிக் கார்டுக்கும் எழுதிப் போடு. விவாகரத்து ஆகவில்லையே, எப்படித் தருவார்கள் என்று தயங்காதே. பிரிந்து வாழ்கிற பெண்களுக்கு, நேரில் விசாரித்துவிட்டு அதிகாரிகளே பழைய கார்டில் பெயரை நீக்கிப் புதுக் கார்டு தரலாம் என்று 2021-லேயே உத்தரவு வந்துவிட்டது. கவுன்டரில் இருக்கிறவர் புருஷன் கையெழுத்து எங்கே என்று கேட்டால் அதோடு திரும்பி வராதே, வட்ட வழங்கல் அலுவலரையே பார்த்துப் பேசு. தனிக் கார்டு வந்தால் உன் வருமானம் ஒன்றுதான் கணக்கு, மாமனாரின் பென்ஷன் அதில் சேராது.

அந்தக் கணக்கிலும் ஒரு முள் இருக்கிறது. 1,20,000 என்றால் மாதம் 10,000. முன்பு 72,000 என்றிருந்ததை இப்படி உயர்த்தினார்கள். இருந்தும் திருப்பூரில் நான்கு வாரம் ஓவர்டைம் பார்க்கிற பொம்பளை அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறாள். வேலை இல்லாத மாதங்களையும் சேர்த்து வருஷ வருமானத்தைச் சொல், நல்ல வாரத்தை ஐம்பத்திரண்டால் பெருக்கிச் சொல்லாதே. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தால் விஏஓ விசாரிப்பார். அவரிடமும் இதையே சொல், மறைக்க இதில் ஒன்றும் இல்லை. அப்புறம் கார்டு, ஆதார், சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போ. போட்டோ எடுப்பார்கள், பாப்பாவையும் தூக்கிக்கொண்டு போ.

இந்த வருமானக் கணக்கில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமானமே பார்க்காமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024-ல் கொண்டுவந்தது. நல்ல காரியம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பென்ஷன் வாங்குகிற தாத்தாவிடம் கேட்காத வருமானத்தை மூன்று வயதுப் பேத்திக்கு ஏன் கேட்க வேண்டும்? அவள் என்ன சம்பாதிக்கிறாள்?

சான்றில் 1,20,000-க்கு மேல் வந்துவிட்டாலும் இடிந்து உட்காராதே. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மெடிக்கல் டீம் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்களே, அது 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம். பிறந்தது முதல் 18 வயது வரை உண்டு. பிறவியிலேயே வருகிற இதயக் கோளாறும் அவர்கள் பட்டியலில் இருக்கிறது. அங்கே யாரும் வருமானம் கேட்பதில்லை. எங்கள் மையத்துப் பையன் ஒருவனுக்கு உதட்டுப் பிளவு அவர்கள் வழியாகத்தான் சரியானது. நீ பாப்பாவை வீட்டு ஓனரம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாய், அதனால் அவள் யார் கண்ணிலும் படவில்லை. பக்கத்து அங்கன்வாடியில் அவள் பெயரைப் பதிந்துவிடு. அந்த டீச்சரிடம் நான் பேசுகிறேன், எங்களுக்குள் ஒருவரையொருவர் தெரியாமல் இருக்காது.

அரசு பெரிய ஆஸ்பத்திரியிலும் காப்பீட்டு அட்டை கேட்பார்கள். பணம் பிடுங்கத்தான் என்று நினைத்துப் பயந்துவிடாதே. அரசு ஆஸ்பத்திரிக்கும் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து தொகை வரும், அதற்காகக் கேட்கிறார்கள். அட்டை இல்லை என்பதற்காக அங்கே வைத்தியம் நிற்காது.

சனிக்கிழமை உன் மாமா முருங்கைக்காய் லோடோடு திருப்பூர் வருகிறார். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் அம்மாவின் பெட்டியில் இருந்தது, அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அவளுக்கு ஆதார் எடுத்தாயா இல்லையா என்று நீ சொல்லவே இல்லை. எடுக்கவில்லை என்றால் அதுதான் முதல் வேலை.

இப்படிக்கு,
அக்கா