மூன்றாவது ஒயர்

"தாத்தா, ரெண்டு ஒயர் கொடுத்தாலே டிஸ்ப்ளேல டிகிரி வந்துருது. அப்புறம் எதுக்கு மூணாவது ஒயர்?"

அய்யனார் கோவில் ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைப் பிரிக்கும்போது பேத்தி இதைக் கேட்டாள். டிப்ளமோ முடித்து ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. நீர்காத்த அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு வந்த இடத்திலும் அவளுக்கு பேனல் நினைப்புதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானும் முப்பத்தைந்து வருஷம் ராஜபாளையத்தைச் சுற்றி இந்த வேலைதான் பார்த்தேன். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பஞ்சாலை தொடங்கிய ஊர் இது. எங்கள் தெருவில் மில் சங்கு கேட்டு வளராத பிள்ளைகள் குறைவு.

அவள் கேட்டது சின்னக் கேள்வி. ஆனால் அந்த ஒயரைப் போடாமல் விட்டு நான் ஒரு முறை பட்டிருக்கிறேன்.

அவள் கேட்டது சூடு அளக்கிற பி.டி.100 சென்சாரைப் பற்றி. அதன் உள்ளே இருப்பது ஒரு மெல்லிய பிளாட்டினக் கம்பி. ஜீரோ டிகிரியில் அதன் மின்தடை 100 ஓம். ஒரு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 0.385 ஓம் கூடும். நூறு டிகிரியில் 138.5 ஓம் இருக்கும். பேனலில் அதோடு இணைக்கிற கன்ட்ரோலருக்குச் சூடு என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓம் மட்டும்தான். ஓமை எண்ணி டிகிரியாகச் சொல்லும். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. சென்சாரிலிருந்து பேனல் வரை போகிற செம்புக் கம்பிக்கும் மின்தடை உண்டு. அதையும் சேர்த்து எண்ணி, எல்லாம் சூடுதான் என்று கன்ட்ரோலர் நம்பிவிடும்.

தொண்ணூறுகளில் ஒரு நாள். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியைச் சுற்றி பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் ஏராளம். காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி அங்கிருந்து நாடெங்கும் போகிறது. அந்த வட்டாரத்தில் ஒரு யூனிட்டில் ஆட்டோகிளேவுக்குப் புதுக் கன்ட்ரோலர் மாட்டப் போயிருந்தேன். துணியை நீராவியில் 121 டிகிரியில் வைத்துக் கிருமி நீக்க வேண்டும். பேனல் அறை தள்ளி இருந்தது. கேபிள் ஓட்டம் ஐம்பது மீட்டர். சென்சாரில் இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை என்று மூன்று ஒயர். கையில் இருந்ததோ ஒரு ஸ்கொயர் எம்.எம். இரண்டு கோர் கேபிள். மூன்று கோர் மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். நான் இரண்டு கோரையே இழுத்து, பேனலில் மூன்றாவது டெர்மினலுக்கு ஒரு துண்டு ஒயரால் லிங்க் அடித்தேன். எரர் வரவில்லை. டிகிரி அழகாக ஏறியது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பாய்லர் பார்க்கிற அண்ணாச்சி வீடு தேடி வந்தார். "தம்பி, ஒங்க பொட்டி நூத்தியிருபத்தொண்ணுங்குது. எங்க கேஜு பதினொரு பவுண்டத் தாண்ட மாட்டேங்குது. பதினஞ்சுல்ல நிக்கணும்?" பழைய கேஜ், மாற்றச் சொல்லுங்கள் என்று நான் சொன்னேன். அவர் முகம் வாடவில்லை. "கேஜு போன மாசந்தான் மாத்துனோம்" என்றார். அந்த ஒரு சொல்லில் என் வயிறு கலங்கியது.

பழக்கடையில் ஐஸ் வாங்கிக்கொண்டு ஓடினேன். பிளாஸ்கில் ஐஸும் தண்ணீருமாகக் கலக்கி சென்சாரை உள்ளே விட்டேன். ஜீரோ காட்ட வேண்டியது நாலே முக்கால் காட்டியது. கணக்கு அங்கேயே விளங்கியது. போக ஐம்பது, வர ஐம்பது, ஆக நூறு மீட்டர் செம்பு, 1.8 ஓம். அதை 0.385-ஆல் வகுத்துப் பாருங்கள். பேனல் 121 என்று சொன்னபோதெல்லாம் உள்ளே 116 டிகிரிதான் இருந்திருக்கிறது. நீராவிக்கு அந்தச் சூட்டில் பதினொரு பவுண்டு அழுத்தம்தான் வரும். அண்ணாச்சியின் கேஜ் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

நாலு லோடு துணி அப்படிப் போயிருந்தது. மூன்று குடோனில் இருந்தது. ஒன்று மதுரை லாரி ஷெட்டில் இறங்கிக் கிடந்தது. இரவோடு இரவாகத் திருப்பிக் கொண்டுவந்து மறுபடி வேக வைத்தோம். முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் கனத்தது.

பேத்தியிடம் இதைச் சொல்லி முடிக்கும்போது, வனத்துறைக் காவலர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே வந்தார். எல்லோரும் கரையேறச் சொன்னார். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். ஆனால் மேலே மலையில் பெய்திருக்கிறது. தெளிந்து ஓடிய தண்ணீரில் சருகு வந்தது, பிறகு செம்மண் நிறம் ஏறியது. இந்த ஆற்றில் அக்கரையில் மாட்டிக்கொண்டவர்களைக் கயிறு கட்டி மீட்பது புதிதல்ல.

கரையில் நின்றபடி அவளிடம் காட்டினேன். "மேல விழுந்தப்ப அது வெறும் மழைத்தண்ணி. இந்தச் சிவப்பு வழியில சேர்ந்தது. மூணாவது ஒயர் சூட்டைப் பத்தி எதுவும் சொல்றதில்ல. வழியில எவ்வளவு சேர்ந்துச்சுன்னு மட்டும் சொல்லும். கன்ட்ரோலர் அதைக் கழிச்சுக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப மூணு ஒயரும் ஒரே நீளம், ஒரே கனம் இருக்கணுமே தாத்தா" என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள். ஒரு ஒயர் மெலிந்தாலோ, ஒரு டெர்மினல் களிம்பேறினாலோ கழிக்கிற கணக்கு தப்பும்.

அவளிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். நானும் என் தம்பியும் ஆறு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. கிணற்றுப் பங்கு விவகாரம். "அண்ணன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று அவன் சொன்னதாக உறவுக்காரர் ஒருவர் வந்து சொன்னார். அந்தச் சொல்லை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டேன். பிறகு ஒரு பதினாறாம் நாள் விசேஷப் பந்தியில் அதே மனிதர் வேறொரு சண்டையை விவரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சண்டை நடந்த இடத்தில் நானே இருந்தேன். அங்கே ஒருவர் "பிறகு பார்க்கலாம்" என்று சொன்னார், அவ்வளவுதான். இவர் வாயில் அது "செத்தாலும் வரமாட்டேன்" என்று ஆகியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவர் வழியாக வந்தால் எந்தச் சொல்லும் அவ்வளவு கூடிவிடும்.

எனக்கு நேரில் தெரிந்த ஒன்றை அவர் சொல்லக் கேட்டபோதுதான், தெரியாத ஒன்றில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று தெரிந்தது. மறுநாள் விடிந்ததும் தம்பி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "கொஞ்ச நாள் போகட்டும்னுதான் சொன்னேண்ணே" என்றான். ஆறு வருஷம் போய்விட்டது. இடையில் அவன் மகள் கல்யாணமும் நான் இல்லாமல் நடந்துவிட்டது.

எலெக்ட்ரீஷியன் பிள்ளைகளுக்கும், கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று ஒயர் சென்சாரை இரண்டு கோரில் இழுத்து, பேனலில் லிங்க் அடித்த இணைப்பு உங்கள் ஆலையில் எங்கேயாவது இருக்கும். இந்த வாரமே ஒரு பிளாஸ்க் ஐஸோடு போய்ப் பாருங்கள். பத்து ரூபாய் ஐஸ் போதும். பாய்லர் பார்க்கிறவர் வந்து ஏதாவது சொன்னால், உட்காரவைத்துக் கேளுங்கள். அந்தத் துணி ஏதோ ஒரு ஊரில், பிரசவமான ஒரு பெண்ணின் தையல்மேல் போய் உட்காரப்போகிறது.